வரவு இடாப்பை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் ஊர்மட்ட அமைப்புகளில் பெரும்பாலானவற்றிடம் சொந்தக் கட்டடமும் இல்லை, வாகனமும் இல்லை. பல்நோக்குக் கட்டடத்தில் ஒரு மண்டபம், நாலு பாய், ஒரு கரும்பலகை, ஊர்ப் பிள்ளைகள் முப்பது பேர், பின்னேரம் மூன்று மணிக்கு வந்து சேரும் இரண்டு இளம் பெண்கள். ஒரு மாலை நிலையம் என்றால் இருப்பது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம், ஒரு பிள்ளை வராமல் போன நாளை வரவு இடாப்பில் பதிந்து விடாமல் கவனிப்பது. பை, கொப்பி, சப்பாத்து கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற வேலை.

பள்ளிக்கூடத்திலும் இடாப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு, கிழக்கே எழுவான்கரையிலிருந்து வரும் ரீச்சருக்கு, குருமண்வெளியில் ‘பாதை’ என்கிற வாவிப் படகில் ஏறி மண்டூரில் இறங்கி, பிறகும் எத்தனையோ கிலோமீட்டர் ஓடிவந்து, மணியடித்ததும் திரும்பவும் அதே பாதையைப் பிடிக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக்குவரத்து இலகுவானது. உள்ளூர்களில் நிலைமை பெரிதாக மாறவில்லை. பிள்ளையின் வீட்டுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் மாலை நிலையத்து ஆட்கள் மட்டுமே. அந்த அனுகூலத்தைப் பயன்படுத்தாமல் அவர்களும் ரியூசன் வகுப்பு மாதிரி நடத்திவிட்டுப் போனால் அந்த நிலையம் இருந்தும் பயனில்லை.

இடாப்பில் வந்தது, வராதது என்ற இரண்டு அடையாளம் போதாது. நாலு வேண்டும்: வந்தது, சொல்லிவிட்டு நின்றது, சொல்லாமல் நின்றது, அன்று பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் நின்றது. கடைசி அடையாளத்தைச் சிவப்பில் போட வேண்டும். வந்த பிள்ளைகளிடம் “இண்டைக்கு உங்கட வகுப்பில ஆர் ஆர் வரல்ல?” என்று கேட்டாலே அது தெரிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இடாப்பின் பின்பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பிள்ளையை யார் சமைத்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள், தாய் தகப்பன் எங்கே, வீட்டுத் தொழில் என்ன, அந்தத் தொழில் எந்த மாதத்தில் சூடு பிடிக்கும், கீழே எத்தனை சின்னப் பிள்ளைகள். இதை முதல் இரண்டு கிழமைக்குள் வீடு வீடாகப் போய் நிரப்ப வேண்டும். பிள்ளையிடமே கேட்டு நிரப்பினால் தகப்பன் ‘கொழும்பில்’ என்று இருக்கும். மனிதர் உண்மையில் எங்கே, வீட்டோடு தொடர்பு இருக்கிறதா என்பது வராது.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் இருபது நிமிடம் உட்கார்ந்து, இடாப்பைக் குறுக்காகவும் நெடுக்காகவும் பார்க்க வேண்டும். ஒரே பிள்ளை ஒவ்வொரு செவ்வாயும் நிற்கிறதா? பெரும்பாலும் அது நுண்கடன் வசூலிக்க ஆள் வரும் நாளாக இருக்கும். கட்டக் காசில்லாத தாய் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவார், அல்லது கூலிக்குப் போய் பிள்ளையை வீட்டைப் பார்க்க விடுவார். ஒரே வீட்டு மூன்று பிள்ளைகளும் ஒன்றாக நிற்கிறார்களா? நோய், சண்டை, இடமாறல் மூன்றில் ஒன்று. மூத்த பெண்பிள்ளை மட்டும் நிற்கிறாளா? கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அல்லது பெரியபிள்ளையாகிவிட்டாள். கிழமைக்கு ஒரு நாள் என்று தொடங்கி இரண்டாகி மூன்றாகிறதா? அதுதான் மிகவும் கவலைப்பட வேண்டியது, ஏனென்றால் அது இடைவிலகலின் தொடக்கம். இரண்டு கிழமைக்குள் அந்த வீட்டுக்குப் போகாவிட்டால், பிறகு எவ்வளவு கதைத்தாலும் திருப்பிக் கொண்டுவருவது கடினம்.

பருவங்களையும் தெரிந்திருக்க வேண்டும். மாரி வேளாண்மை விதைப்பு தொடங்கியதும் வயற்கரையில் நிற்கும் மாடுகளை மேற்கே மேய்ச்சல் தரைக்குச் சாய்க்க வேண்டும். மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் பட்டியோடு போகிறவர்களுக்குக் கைக்கு உதவியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களும் போவதுண்டு. தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை வெட்டுக்காலம், வயல் வாடியில் குடும்பமே தங்கிவிடும். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு, திருக்குளிர்த்தி. ஆடியில் பொத்துவில், உகந்தை வழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புகால விடுமுறை தனி. கல்முனை, நாவிதன்வெளி போல இரு சமூகமும் அடுத்தடுத்து வாழும் இடங்களில் இரண்டு நாட்காட்டியையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டாவிட்டால், பாதிப் பிள்ளைகள் இல்லாத கிழமையில் பரீட்சை வைப்பீர்கள். சடங்குக்கு நிற்கும் பிள்ளையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. பட்டியோடு போன பையன் வேறு. போவதற்கு முன்பே வீட்டாரோடு கதைத்து, திரும்பும் திகதியைக் கேட்டு எழுதி, பாடசாலை அதிபருக்கும் தெரிவித்து வைத்தால், அவன் திரும்பி வரும்போது வகுப்பில் அவனுக்கு இடம் இருக்கும். பெயரை வெட்டிவிட்டார்கள் என்ற வெட்கத்தில் நின்றுவிடுகிற பையன்கள் அதிகம்.

தாய் வெளிநாடு போன வீடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்வழியில் வருவதால், தாய் போனாலும் பிள்ளை பெரும்பாலும் அதே வளவில், அம்மம்மாவோடோ பெரியம்மா சின்னம்மாவோடோ இருக்கும். முஸ்லிம் வீடுகளில் மூத்தம்மா. இது பெரிய பலம். அதனால் கூட்டத்துக்கு ‘பெற்றோர்’ என்று தகப்பனுக்குக் கடிதம் அனுப்பாமல், சோறு போடுகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தாய் போன முதல் மூன்று மாதங்களில்தான் பிள்ளை சோர்ந்து போகும், படுக்கையில் சிறுநீர் போகும், வகுப்பில் அடிபிடி வரும். இதற்குப் பெயர் வைத்து மருந்து தேட அவசரப்பட வேண்டாம். தாய் எந்த நாளில், எத்தனை மணிக்கு அழைக்கிறார் என்று கேளுங்கள். அது நிச்சயமில்லாமல் இருந்தால், கிழமைக்கு ஒரு நாள் ஒரே நேரத்தில் அழைக்கும்படி ஒழுங்கு செய்து கொடுப்பதே பல பிள்ளைகளுக்குப் போதுமானது. மூன்று மாதம் கடந்தும் பிள்ளை தேறாவிட்டால், மனநலப் பிரிவுள்ள ஆதார வைத்தியசாலைக்கு அம்மம்மாவோடு கூடப் போக வேண்டும். துண்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால் போகமாட்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேராகப் போக வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண். அமைப்பின் பெயர் போட்ட ரீசேட்டோடு போகாதீர்கள். நாலு வீட்டுக்குத் தெரியும், அந்த வீட்டில் ஏதோ பிரச்சினை என்று கதை பரவும். படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டு, வரச்சொன்ன பிறகு உள்ளே போக வேண்டும். “ஏன் பிள்ளைய அனுப்பல்ல” என்று தொடங்கினால் அங்கேயே கதை முடிந்துவிடும். “அம்மம்மா, மகளை ரெண்டு நாளாக் காணல்ல, சுகமில்லையோ எண்டு பாத்திட்டுப் போக வந்தனாங்க” என்றால் உட்காரச் சொல்வார்கள். படம் எடுப்பது கூடவே கூடாது. பிள்ளையின் முன்னால் கடனைப் பற்றி, தகப்பனின் குடியைப் பற்றிக் கதைக்கக் கூடாது. திரும்பி வந்ததும் ஐந்து வரி எழுதினால் போதும்: திகதி, கதைத்தவர், என்ன காரணம் சொன்னார், என்ன செய்வதாக ஒத்துக்கொண்டோம், அடுத்து எப்போது போவது. இந்தக் கடைசி வரி இல்லாத குறிப்புகளைத்தான் அமைப்புகளின் கோப்புகளில் அதிகம் காண்கிறோம். அந்தக் குறிப்பால் பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை.

பிள்ளை வராமல் போவதற்கு வீடு மட்டும் காரணமல்ல. வாசிக்கத் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பது மிகவும் அவமானமான விடயம். நாலாம் தரத்துப் பிள்ளை பாடப் புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும். அதே பக்கத்தில் ஒரு சொல்லைத் தனியாக விரலால் காட்டினால் முழிக்கும். ஆகவே சேர்ந்த நாளிலேயே, வயதையும் தரத்தையும் பார்க்காமல் ஐந்து படி வைத்துப் பார்க்க வேண்டும்: எழுத்து, சொல், வசனம், நாலு வரிப் பந்தி, ஒரு பக்கக் கதை. பாடப் புத்தகத்தில் இல்லாத சொற்களாக இருக்க வேண்டும். பிறகு தரவாரியாக அல்லாமல் படிவாரியாகப் பிரித்து உட்கார்த்துங்கள். ஆறாம் தரத்துப் பையன் இரண்டாம் தரத்துப் பிள்ளையோடு உட்கார வெட்கப்படுவான். அவனுக்கு வகுப்பு முடிந்த பிறகு பதினைந்து நிமிடம் தனியாகக் கொடுப்பது நல்லது.

தமிழில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கொ, கோ, கௌ என்ற வரிசை முதலாவது. ஒலி ஒன்று, அடையாளமோ எழுத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. பிள்ளை இடமிருந்து ஒவ்வொன்றாக வாசித்து ‘கொ’வை ‘கெகா’ போலச் சொல்லும். கொம்பையும் காலையும் ஒரே நிறத்தில், நடுவெழுத்தை வேறு நிறத்தில் எழுதிய அட்டைகளை வைத்து நாளுக்கு பத்து நிமிடம் பழக்கினால் இரண்டு மூன்று கிழமையில் பிடிபடும். அடுத்தது கெ, கே வேறுபாடு, சுழியை விடுவது. அதற்குப் பிறகு ந, ண, ன; ல, ள, ழ; ர, ற. இந்த எழுத்துகளை உச்சரிப்பால் திருத்த முயன்றால் நேரம்தான் வீணாகும். ஊர்ப்பேச்சில் ழகரமும் ளகரமும் பெரிதாகப் பிரிவதில்லை, சொல்லாகப் பார்த்துப் பழக்குவதே வழி. ஒரே நாளில் இரண்டு வரிசைகளைச் சேர்த்துச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

வகுப்பு எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை யானையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கத்து எல்லைக் கிராமங்களில் இருட்டும் நேரம் பிள்ளைகள் றோட்டில் நிற்கக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும், 4.45க்கு முடித்து, தூரத்துப் பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்ப வேண்டும். அதற்காகப் பகல் இரண்டரைக்குத் தொடங்கினால் வெயில் என்று பெற்றோர் முறையிடுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

மூன்று மணிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். பிஸ்கட் கொடுப்பதைவிட இலைக்கஞ்சி எவ்வளவோ மேல். முப்பது பிள்ளைகளுக்கு 1 கிலோ சிவப்புப் பச்சையரிசி, அரைக் கிலோ பயறு, 3 தேங்காய், அரைக் கிலோவுக்குக் குறையாத இலை, ஒரு பூடு, பெருவிரலளவு இஞ்சி, உப்பு. பானை 12 லீற்றர் கொள்ள வேண்டும். பயற்றை முதலில் அரைவேக்காடாக அவித்து, பிறகு அரிசியைப் போட்டு, மொத்தம் 8 லீற்றர் தண்ணீர் வரும்படி சிறிது சிறிதாக விட்டுக் குழைய விடுங்கள். வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி எது கிடைத்தாலும் நன்றாகக் கழுவி, இடித்துச் சாறு பிழிந்து, தேங்காய்ப் பாலோடு கடைசியில் சேர்த்து ஒரு கொதியில் இறக்க வேண்டும். இலைச்சாற்றை முன்னதாக விட்டு நெடுநேரம் கொதிக்க விட்டால் நிறம் கறுத்துக் கசக்கும். பிள்ளைகள் ஊற்றிவிடுவார்கள், ‘பிள்ளைகளுக்குக் கஞ்சி பிடிக்காது’ என்று நிறுத்திவிடுவீர்கள். தாய்மார் முறைவைத்துச் சமைக்கட்டும். ஒருவரே தினமும் என்றால் மாதக் கடைசியில் சலிப்பு வரும், கொடுப்பனவுக் கேள்வியும் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொடக்கத்திலேயே கூப்பிட்டுக் கிணற்றையும் சமையலிடத்தையும் காட்டிவிடுங்கள்.

கூடவரும் சின்னத் தம்பி தங்கைகளையும் பாருங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறை எந்த நிறப் பட்டையில் இருக்கிறது என்பதைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். இரண்டு மாதம் தொடர்ந்து கோடு ஏறாமல் படுத்திருந்தால் குடும்ப நல உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டும். 6 மாதத்திலிருந்து 5 வயது வரையுள்ள பிள்ளையின் மேற்கை நடுச் சுற்றளவு 12.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அந்தக் கிழமையே, 11.5க்குக் குறைந்தால் அன்றைக்கே. அரசாங்கம் கொடுக்கும் திரிபோஷ சத்துமாப் பக்கெற் கிடைத்தும் நிறை கூடாத வீடுகளில், பெரும்பாலும் அது வீட்டில் எல்லோருக்குமாகப் பகிரப்படுகிறது. அதற்காகத் தாயைக் குற்றம் சொல்லாமல், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

பத்திரங்கள் இன்னொரு பெரிய வேலை. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு. அதற்குச் சத்தியக்கடதாசி, தடுப்பூசி அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் என்று அலைச்சல் கூடும். கோயிலில் தாலி கட்டிப் பதிவுத் திருமணம் செய்யாத தம்பதிகளின் பிள்ளைக்கு, தாயும் தகப்பனும் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். தகப்பன் பிரிந்து போன பிறகு இதைச் செய்ய முடியாமல் போகிறது, ஆகவே கர்ப்பிணித் தாய்மாரின் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் ஒன்பதாம் தரத்துக்கு முன்பே திருத்துங்கள். 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் சிக்கல். பல பிள்ளைகள் பத்தாம் தரத்தில் நின்றதற்கு இந்த ஒரு தாள்தான் காரணம் என்பதை நினைக்க வயிறு எரிகிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் உறை கொடுத்து, மூலப் பிரதிகளை அவர்களே வைத்திருக்கச் செய்யுங்கள். அமைப்பு மூலப் பிரதியை வாங்கி வைக்கவே கூடாது.

பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் விசாரிப்பது நிலையத்தின் வேலையல்ல. பிள்ளை சொன்னதை அது சொன்ன சொற்களிலேயே எழுதி, திகதி நேரம் போட்டு, அன்றைக்கே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கோ, பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. ‘ஆருக்கும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. கோயில் நிர்வாகமோ பள்ளிவாசல் நிர்வாகமோ ஊர்ப் பெரியவர்களோ பேசித் தீர்க்கலாம் என்பார்கள், சிலவேளை பிள்ளைக்குக் கலியாணம் கட்டிவைத்துவிடலாம் என்றும் சொல்வார்கள். அதில் எந்தப் பக்கத்திலும் உட்காராதீர்கள். அது தீர்வல்ல, பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு.

வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் பணம் அனுப்பும்போது சிறுவர் இல்லம் ஒன்றுக்கே கொடுக்க விரும்புகிறார்கள். அவர்களது அன்பு உண்மையானது. ஆனால் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருக்கிறார். வறுமையால் வந்தவர்கள் அவர்கள். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்க ஒரு மாதம் செலவாகும் பணத்தில், அதே பிள்ளை அம்மம்மாவின் வீட்டில் இருந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் போகலாம். எத்தனை பைகள் கொடுத்தீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, சென்ற மாதம் சிவப்பு அடையாளம் விழுந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை வீட்டுக்கு இரண்டு நாளைக்குள் போனீர்கள் என்று கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள், படமும் கேட்காதீர்கள். கற்பிக்கும் பெண்களுக்கான கொடுப்பனவை மாதம் தவறாமல் அனுப்புவதுதான் உங்களால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. உயர்தரம் முடித்த ஊர்ப்பெண்கள் வேலை கிடைத்ததும் அல்லது கலியாணமானதும் போவார்கள், அது நியாயம். ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு பேரைப் பழக்கி, மூன்றாவது ஒருவரை அரைநாள் கூடவைத்திருந்தால் நிலையம் பூட்டாது.

ஐப்பசி முடிவதற்குள் வெள்ளத்துக்கான ஒழுங்கு முடிந்திருக்க வேண்டும். பத்திர உறைகளைத் திரும்பப் பார்த்து வாய் ஒட்டிக் கூரைக் கைமரத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். எந்தெந்த வீட்டுக்குத் தண்ணீர் முதலில் வரும், எங்கே நடக்க முடியாத முதியவரோ மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ இருக்கிறது என்ற பட்டியலில் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். தண்ணீர் பாயும் றோட்டில் பிள்ளைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அனுப்புவதை எவர் கேட்டாலும் மறுக்க வேண்டும். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளை இழந்தது அப்படித்தான். மழை அறிவித்தல் வந்ததும் நிலையத்தை மூடி, வீட்டுக்கு வீடு தொலைபேசியில் சொல்லி, திறந்த முதல் நாளிலேயே இடாப்பைக் கூப்பிட்டு, வராதவர்களைத் தேடி அன்று பின்னேரமே போக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு, இடம்பெயர்ந்து போன உறவினர் வீட்டிலேயே தங்கிவிடும் பிள்ளைகளுக்கு, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக உட்கார அதிபரிடம் ஒரு கடிதம் போதும். கடிதத்தை எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.